வாடி வாடி நிமிர்ந்த கோஸ்: குன்னூர் பக்கத்தில் ஒரு வீட்டுத் தோட்டம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையை ஒட்டிய சரிவில் மூன்று சென்ட் அளவுக்கு ஒரு வீட்டுத் தோட்டம் இருக்கிறது. அங்கே வந்த நோய், அதன் காரணம், வீட்டார் செய்த வேலை, கடைசியில் அடுப்படிக்கு வந்த காய் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். எழுதத் தூண்டியது ஒரே விஷயம். கோஸ் போடுவதை நிறுத்திய பிறகுதான் இந்த வீடு தன் தோட்டத்திலிருந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது. மலையில் வீட்டுத் தோட்டம் போடுகிற பலரும், சந்தைக்குப் போகும் வயலைப் பார்த்து அதையே சின்ன அளவில் செய்கிறார்கள். அதில் என்ன சிக்கல் வரும் என்பதற்கு இது நல்ல சான்று.

வீடும் நிலமும்

வீட்டில் நாலு பேர். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், அக்காவின் அம்மா. பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இலை எடுத்தவர். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் கையகல இடத்தில் பீன்ஸ், மேராக்காய் (சௌசௌ), பூசணி, கீரை என்று வளர்த்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவர்.

வீடு நிற்கும் நிலம் முன்பு தேயிலை. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது செடியைப் பிடுங்கிப் போட்ட இடம். இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது. தேயிலை, அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் பயிர், பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். போதாததற்கு வருடக்கணக்காகப் போட்ட யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மண்ணை இன்னும் புளிக்க வைத்திருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் காய்கறி போடும்போது ஆரம்பத்திலேயே பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இந்த வீட்டில் அதைச் செய்யவில்லை. பக்கத்தில் எந்த வீட்டிலும் செய்து நான் பார்த்ததும் இல்லை.

சரிவில் கல் அடுக்கி நாலு படிகளாகப் பிரித்திருந்தார்கள். நாலாவது படிக்கு மேலே, வேலிக்கு அந்தப் பக்கம், குத்தகைக்கு விட்ட வயல். அங்கே கோஸும் கேரட்டும் மாறி மாறி விளைந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை பலமாகப் பெய்யும் என்றால், குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மழையில் மேல் வயலின் மண் கரைந்து வேலியைத் தாண்டி இவர்கள் தோட்டத்துக்குள் வரும். 'நல்ல மண் தானா வருது' என்று அக்காவின் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

முதல் சில வருடங்கள் போட்டது கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, ஓரமாகக் கேரட். நீலகிரி என்றாலே மனதில் வரும் பட்டியல் இது. 1819-இல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்குக்கு வந்து, பிறகு ஊட்டியில் குடியேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கள் இங்கே வேரூன்றின. அதற்கு முன்னால் இந்த மலையில் ராகி, சாமை, அவரை என்று வேறொரு சாப்பாடு இருந்தது. இந்த ஐந்தில் கேரட்டைத் தவிர மற்ற நாலும் கடுகுக் குடும்பம். நாலு படியிலும், எல்லாப் பருவத்திலும், ஒரே குடும்பத்துப் பயிர். சந்தை வயலுக்கு விலை ஒரு காரணம். நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு அந்தக் காரணமும் இல்லை.

நோய் தெரிந்த விதம்

ஒரு கோடைக்குப் பிறகு கோஸ் வாட ஆரம்பித்தது. அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "தம்பி, காலையில நல்லா நிக்குது. மத்தியானம் வெயில் ஏறினா இலையெல்லாம் தொங்கிப் போகுது. சாயங்காலம் பார்த்தா மறுபடி நிமிர்ந்துருது. தண்ணி பத்தலையா?"

அதற்குள் ஒரு கடையில் விசாரித்து, வேரில் ஊற்றும் மருந்து ஒன்றும் இலையில் தெளிக்கும் மருந்து ஒன்றும் வாங்கி அடித்திருந்தார்கள். செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கவே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன்: வாடும் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்க்காமல் எந்த மருந்தும் வாங்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி போனால் நஷ்டம் இல்லை. அந்த ஒரு செடி சொல்வதை எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது.

பகலில் வாடுவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மண் கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. வெட்டுப்புழுவாக இருக்கலாம், அது தண்டைத் தரைமட்டத்தில் கடிக்கும், செடி மறுபடி நிமிராது. நூற்புழுவாக இருக்கலாம், அதன் முடிச்சுகள் சின்னதாக, மணி கோத்ததுபோல் வேரில் ஒட்டி இருக்கும். நாங்கள் பிடுங்கிய செடியில் சல்லிவேர் என்று ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி தடித்து, விரல் விரலாகப் பிரிந்த வீக்கம். அடியில் அழுகி நாற்றமும் வந்தது. கிளப் ரூட் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் வேர் வீக்க நோய்.

இதை உண்டாக்கும் நுண்ணுயிர் பூஞ்சை மாதிரி நடந்துகொண்டாலும் பூஞ்சை இல்லை. அதன் வித்துகள் மண்ணில் தூங்கிக் கிடக்கும். கடுகுக் குடும்பத்து வேர் பக்கத்தில் வந்ததும் முளைத்து, மண்ணின் ஈரத்தில் நீந்திப் போய் வேர்த்தூவிகளுக்குள் நுழையும். உள்ளே போனதும் வேரின் செல்கள் கட்டுமீறிப் பெருகும். தண்ணீர் மேலே ஏறும் பாதை நெரிபடும். வெயில் ஏறும்போது இலை கேட்கும் தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது. அதனால்தான் மத்தியான வாட்டம். சாயங்காலம் தேவை குறைந்ததும் செடி நிமிரும். வீக்கம் அழுகும்போது கோடிக்கணக்கான வித்துகள் மண்ணில் கொட்டும். அவை 15, 20 வருடம்கூட உயிரோடு கிடக்கும்.

ஈரம், மிதமான குளிர், அமில மண் மூன்றும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம். இந்தத் தோட்டத்தில் மூன்றும் இருந்தது. மண் பரிசோதனையில் பிஎச் 5-க்குக் கீழே வந்தது.

எப்படி உள்ளே வந்தது

வழி தெரியாமல் வைத்தியம் செய்தால் அடுத்த மழையில் திரும்ப வந்துவிடும். அதனால் கொஞ்சம் துருவிப் பார்த்தோம். மூன்று வழிகள் சந்தேகத்துக்கு உரியவை.

ஒன்று நாற்று. வாரச் சந்தையில் வேரில் மண்ணோடு கட்டுக்கட்டாக விற்கும் நாற்றைத்தான் வாங்கி வந்திருந்தார்கள். அந்த நாற்றங்கால் மண்ணில் நோய் இருந்தால் கூடவே வரும். இரண்டு எரு. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் வயலில் கழித்துப் போடும் கோஸைத் தீவனமாகப் போடுவார். மாட்டின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் இந்த வித்துகள் சாவதில்லை. சாணத்தோடு வெளியே வரும். மக்காத சாண எருவைப் போட்டால் நோயையும் சேர்த்துப் போட்டதாக ஆகிவிடும். மூன்று, மேல் வயலிலிருந்து வரும் மழைத்தண்ணீர்.

நாற்றோ எருவோ காரணம் என்றால் நாலு படியிலும் நோய் சிதறலாகத் தெரிய வேண்டும். நாங்கள் ஒவ்வொரு படியிலும் சில செடிகளைப் பிடுங்கினோம். நாலாவது படியில், வேலியை ஒட்டித் தண்ணீர் இறங்கும் மூலையில், எல்லாச் செடிக்கும் வீக்கம். மூன்றாவது படியில் அந்தத் தண்ணீர் ஓடும் கோட்டில் மட்டும். இரண்டாவதில் ஒன்றிரண்டு. துணி துவைக்கும் கல்லை ஒட்டிய முதல் படியில் எதுவும் இல்லை. நாற்று ஒரே கட்டு, எரு ஒரே குவியல். ஆகவே மேலிருந்து வந்த மண்தான் முக்கியக் காரணம் என்று எடுத்துக்கொண்டோம். மண்வெட்டியும் கம்பூட்ஸும் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து வந்திருக்கும். பிடுங்கிய கோஸ் கட்டைகளை மக்குக் குழியில் போட்டு, அந்த மக்கைத் திரும்பப் பாத்தியில் போட்டதும் உதவியிருக்காது.

பாட்டிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "மேல கான் வெட்டாம கீழ என்ன நட்டா என்ன? தேயிலைத் தோட்டத்துல மொதல்ல கான் வெட்டிட்டுத்தான் செடி வைப்பாங்க" என்றார். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து ஊரே கலங்கியதைப் பார்த்த எவருக்கும், சரிவில் தண்ணீருக்குத் தனி வழி விடாமல் இருக்க மனசு வராது.

செய்த வேலை

முதல் வேலை பாட்டி சொன்ன கான், அதாவது வடிகால். வேலிக்கு உள்பக்கம் ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரமாகத் திருப்பிச் சாலையோர ஓடையில் விட்டார்கள். உள்கரையில் எலுமிச்சைப்புல் நட்டார்கள். வீக்கம் கண்ட வேர்களை எல்லாம் பொறுக்கிக் காயவைத்து எரித்தார்கள். நாலாம் படியில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் கீழே கொண்டுவருவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் வந்தது. முதலில் முதல் படி, கடைசியில் நாலாம் படி என்ற வரிசையில் வேலை செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவது சுண்ணாம்புச் சத்து. தேயிலைக்காரர்களுக்குப் பழக்கமான, மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் வகைப் பொடியான டோலமைட்தான். சதுர மீட்டருக்கு 300 கிராம், அதாவது ஒரு சென்ட்டுக்குச் சுமார் 12 கிலோ, மண்ணில் கொத்திக் கலந்து ஒன்றிரண்டு மாதம் விட்டார்கள். வெந்நீர் அடுப்புச் சாம்பலையும் தூவினார்கள். அடுத்த வருடச் சோதனையில் பிஎச் 6-ஐ ஒட்டி வந்தது. இங்கே ஒரு தெளிவு வேண்டும். வேர் வீக்க நோயை அடக்க 7.2-க்கு மேல் போக வேண்டும். இந்த மண்ணை அவ்வளவு தூரம் தூக்கினால் இரும்பு, போரான் போன்ற நுண்சத்துகள் செடிக்குக் கிடைக்காமல் போகும். அதனால் கோஸைக் காப்பாற்றுவதற்கு என்று டோலமைட் போடவில்லை. மற்ற காய்களுக்கு மண்ணை இதமாக்கத்தான் போட்டது.

இரண்டாம் படிக்கு மட்டும் டோலமைட் கிடையாது. அது உருளைக்கிழங்குக்கு. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் கிழங்கின் தோலில் சொறி நோய் வரும். அமில மண்தான் அதற்குப் பாதுகாப்பு. ஒரு பயிருக்கு மருந்து, பக்கத்துப் பயிருக்கு நோய். எல்லாப் படிக்கும் ஒரே மாதிரி ஒரு மூட்டையைக் கொட்டுவது சுலபம், ஆனால் சரியில்லை. விதைக்கிழங்கு விஷயத்திலும் கவனமாக இருந்தார்கள். 1961-இல் ஊட்டிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு இன்றும் இந்த மலையின் உருளைக்கிழங்கு மண்ணில் உண்டு. ஊட்டி முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்தில், அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்காமல் கண்ட கிழங்கை வெட்டி நடுவது வீண்.

மூன்றாவதுதான் கஷ்டமான முடிவு. கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகுக்கீரை எதுவும் மண்ணில் கிடையாது, குறைந்தது ஆறு, ஏழு வருடத்துக்கு. வீட்டுக்காரருக்கு இது பெரிய வருத்தம். கோஸ் இல்லாத தோட்டம் அவருக்குத் தோட்டமாகவே தெரியவில்லை. அவருக்காக ஒரு ஏற்பாடு செய்தோம். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் டோலமைட் கலந்து சாக்கில் நிரப்பி, வீட்டிலேயே தட்டில் விதை போட்டு வளர்த்த நாற்றை நட்டோம். மண் படாமல் கல்மேல் வைத்த சாக்குகளில் கோஸ் சுத்தமாக வந்தது. இடம் போதாமல் மூன்றாம் படி மண்ணில் வைத்த ஒரு சாக்கில் மட்டும் வேர் அடிப்பக்கம் துளைத்து மண்ணுக்குள் இறங்கி, அங்கே வீங்கியிருந்தது. நோய் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோஸ் போன இடத்தில் வந்தவை

காலியான படிகளுக்குப் பாட்டியின் லயத்து வாசல் பட்டியல் திரும்பி வந்தது.

நாலாம் படி வேலி ஓரமாக மூங்கில் நட்டு மேராக்காய்ப் பந்தல். முளை விட்ட முழுக்காயைப் பாதி புதைத்து வைத்தால் போதும். சில மாதத்தில் பந்தலை மூடிவிடும், வருடக்கணக்கில் காய்க்கும். பந்தலுக்குக் கீழே புதினா. மூன்றாம் படியில் கொடி பீன்ஸும் பட்டாணியும். குத்துச் செடி பீன்ஸ் எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்து ஓய்ந்துவிடும். சந்தைக்கு அது வசதி. வீட்டுக்குக் கொடி பீன்ஸ்தான் சரி. நாள் விட்டு நாள் பறிக்கப் பறிக்க வந்துகொண்டே இருக்கும். அதையும் மூன்று வாரத்துக்கு ஒரு வரிசை என்று தள்ளித் தள்ளி விதைக்கிறார்கள்.

முதல் படியில் பீட்ரூட், கேரட், பாலக், கொத்தமல்லி, லீக்ஸ். பீட்ரூட்டுக்கு அமில மண் ஆகவே ஆகாது. முன்பு ஒருமுறை போட்டபோது கோலிக்குண்டு அளவைத் தாண்டாததால் 'நம்ம மண்ணுக்கு வராது' என்று விட்டுவிட்டார்களாம். டோலமைட் போட்ட பிறகு அதே படியில் கை நிறையும் அளவுக்கு வந்தது. கேரட்டுக்கு மக்காத எரு போடாமல், கல் பொறுக்கி, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கினார்கள். வேர் கிளை பிரியாமல் இறங்கியது.

வீட்டு மூலையில் இரண்டு மரத்தக்காளி. சாதாரணத் தக்காளி குன்னூர் மழையில் இலைக் கருகலுக்குத் தப்புவது அபூர்வம். மரத்தக்காளி இரண்டாம் வருடத்திலிருந்து காய்க்கும். வேர் மேலாக ஓடும் மரம், காற்றில் சாயும், முட்டுக்கொடுக்க வேண்டும்.

காட்டுமாடு பற்றிக் கேட்பீர்கள். ஒரு இரவு வந்து ஒரு வரிசை பீன்ஸை முடித்துவிட்டுப் போனது. குன்னூரில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். விரட்ட வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். முள்ளம்பன்றிக்கு மட்டும் உருளைக்கிழங்குப் படியின் வேலி அடியில் தகரம் புதைத்தார்கள்.

அடுப்படி

நோயின் கதையைவிட இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம்.

கோஸ் காலத்தில் இந்த வீட்டில் என்ன நடந்தது? ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து கோஸ் முற்றும். விட்டால் வெடிக்கும். தினமும் கோஸ் பொரியல், கோஸ் கூட்டு. மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுத்தால் அவர்கள் வீட்டிலும் அதே கோஸ். மற்ற நாளில் காய் கடையிலிருந்து வரும். தோட்டம் இருந்தும் வீடு சந்தையை நம்பித்தான் சாப்பிட்டது.

இப்போது அக்கா உலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். பட்டாணி பறித்த சில மணி நேரத்திலேயே அதன் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும். மூட்டையில் மேட்டுப்பாளையம் போய்த் திரும்பி வரும் பட்டாணிக்கு அந்த ருசி கிடையாது. கொடியிலிருந்து நேராகக் கொதிக்கும் தண்ணீருக்குப் போன பட்டாணியைத் தின்ற பிறகு, மகள் கடைப் பட்டாணியைத் தொடுவதில்லை. பாதி பட்டாணி அடுப்புக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்று அக்காவுக்குக் குறை.

பீட்ரூட்டில் இரண்டு சமையல். இலையை அரிந்து காய்ந்த மிளகாய், தேங்காய் போட்டுப் பொரியல் ஒரு நாள். கிழங்கு இன்னொரு நாள். சந்தையில் இலையை வெட்டித்தான் விற்பார்கள் என்பதால் பலருக்கு அந்தப் பொரியலே தெரியாது. மேராக்காய் பாசிப்பருப்புக் கூட்டாகிறது, தோல் துவையலாகிறது, கொடியின் இளந்தளிரைப் பாட்டி கீரையாகக் கடைகிறார். மரத்தக்காளியை அடுப்புத் தணலில் சுட்டு, கசக்கும் தோலை உரித்துவிட்டு, பச்சை மிளகாய், பூண்டு, உப்பு, கொத்தமல்லி வைத்து நசுக்கி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். சுடுசோற்றுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மழைக்காலத்தில் அதே பழத்தில் ரசம்.

அவரையும் இரண்டு வரிசை உண்டு. பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா விதை கொடுத்தார். பச்சையாகப் பாதி, காயவைத்துப் பாதி. காய்ந்ததை இரவு ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி, உருளைக்கிழங்கோடு குழம்பு. மழை பிடித்து வெளியே போக முடியாத டிசம்பர் நாட்களில் இந்த வீட்டின் குழம்பு அதுதான். சல்லிவனுக்கு முன்பே இந்த மலை தின்ற அவரை, மூன்று வருடத்துக்கு முன்னால் வரை இந்தத் தோட்டத்தில் ஒரு கொடி கூட இல்லை.

காய் வாங்கும் செலவு குறைந்ததா என்று கேட்கிறார்கள். வெங்காயம், தக்காளி, கத்தரி, முருங்கை இப்போதும் கடைதான். வீட்டார் கணக்கு எழுதி வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாரத்தில் பெரும்பாலான நாள் ஒரு காயாவது, ஒரு கீரையாவது தோட்டத்திலிருந்து வருகிறது. முன்பு அப்படி இல்லை. ஒரு நாளைக்குத் தேவையான அளவு மட்டும் பறிக்க முடிகிறதா என்பதே வீட்டுத் தோட்டத்துக்கு என் அளவுகோல். கிலோக் கணக்கு வயலுக்கு உரியது.

இன்னும் தீராதது

மேல் வயலில் இப்போதும் கோஸ்தான். பெருமழை நாளில் வடிகால் நிரம்பி வழிந்தால் மண் உள்ளே வரத்தான் செய்யும். செப்டம்பர் கடைசிக்குள் வடிகாலைத் தூர்வாருவது ஒவ்வொரு வருடமும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. குத்தகைக்காரரிடம் பேசி, சரிவுக்கு நேராக ஓடும் பாத்திகளைக் குறுக்காகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்கள். தண்ணீர் தேங்கிக் கேரட் அழுகும் என்று அவர் பயப்படுகிறார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு.

முதல் படியில் நோய் இல்லை அல்லவா, அங்கே நாலு கோஸ் வைக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அக்கா சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கோடை மழைக்குப் பிறகு முதல் படியின் ஒரு மூலையில் கடுகு விதைப்பது, மண்ணை ஈரமாகவே வைத்திருப்பது, ஆறாவது வாரம் எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கிக் கழுவிப் பார்ப்பது. ஒரு வேரில் வீக்கம் தெரிந்தாலும் அந்தப் படிக்கு அடுத்து அவரைதான். தெரியாவிட்டால் வீட்டில் வளர்த்த நாற்றாக நாலே நாலு கோஸ், அதுவும் அந்த மூலையில் மட்டும்.